உள்ளே விட்ட துணி

இறந்துபோனவர் உடுத்திய துணியில் கத்திரி படலாமா, கூடாதா? துணி வெட்டிப் பிழைக்கிற என்னிடம் இந்தக் கேள்வி அவ்வப்போது வரும். பெரும்பாலும் வருகிறவர்களே பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். "அம்மா புடவை, பாதி நைஞ்சி போச்சி, பேத்திக்குப் பாவாடையா தச்சிக் குடுங்க" என்பார்கள். தைத்துக் கொடுத்துவிடுவேன். சென்ற ஆண்டு மாசித் திருவிழா முடிந்த கையோடு வந்த ஒரு ரவிக்கை மட்டும் அப்படிச் சுலபமாக முடியவில்லை. அதைப் பற்றி யோசித்ததை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

என் கடை மேல்மலையனூரில், அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூடச் சீருடை, திரைச்சீலைக்கு ஓரம் அடிப்பது என எல்லா வேலையும் வரும். மாசித் திருவிழாவில் மயானக்கொள்ளைக்கு அம்மன் வேடம் கட்டுகிறவர்களுக்கும் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அஞ்சல் வழியில் தமிழ் எம்.ஏ. முடித்தவள். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் நூலகப் புத்தகம் ஏதாவது மடியில் இருக்கும். இதைச் சொல்லக் காரணம், பின்னால் நான் இழுத்துவரப்போகும் சங்கதிகள் ஒரு தையற்காரிக்கு எங்கிருந்து வந்தன என்று யாரும் வியக்க வேண்டாம் என்பதுதான்.

வந்தது வளத்திப் பக்கத்து ஊர்ப் பெண். வைகாசியில் கல்யாணம். கூடவே அவளுடைய அத்தை, அப்பாவின் அக்கா. பழைய வேட்டித் துண்டில் சுற்றியிருந்த ரவிக்கையை அத்தைதான் மடியில் வைத்திருந்தார். அரக்கு நிறத்தில் ஆரணிப் பட்டு. பஃப் கை. முன்பக்கம் கொக்கி வைத்துத் தைத்தது. கொக்கிகள் துருவேறி, துரு பட்ட இடத்தில் பட்டு பழுப்பாகி இருந்தது. கையோரத்தில் இரண்டு விரற்கடை ஜரிகைக் கரை. வெள்ளி கறுத்திருந்தாலும் இழை விட்டுப்போகவில்லை.

அது அந்தப் பெண்ணின் ஆயா கல்யாணத்தன்று உடுத்தியது. அறுபதுகளில் நடந்த கல்யாணம். ஆயா இரண்டாவது பிரசவத்தில் இறந்துபோனார். அப்போது பிறந்தவர்தான் பெண்ணின் அப்பா. மூத்தவரான அத்தைக்கு அம்மாவின் முகம் நினைவில்லை. கல்யாணப் புடவை மடிப்பு மடிப்பாக வெட்டுவிட்டதால், ஜரிகைக்காகப் பழைய பட்டு வாங்க வருகிறவரிடம் எப்போதோ போய்விட்டதாம். அந்தப் புடவைகளை எரித்து வெள்ளியைத்தான் எடுப்பார்கள். மிஞ்சியது இந்த ரவிக்கை ஒன்றுதான்.

பூவும் பொட்டுமாக இறந்தவர் என்பதால் அந்த வீட்டில் அவர் பூவாடைக்காரி. எங்கள் பக்கத்தில் இது பெரிய விஷயம். வீட்டில் கல்யாணம் என்றால் குலதெய்வத்துக்குச் செய்வதுபோலவே பூவாடைக்காரிக்கும் செய்தாக வேண்டும். குளக்கரைக்கோ கிணற்றடிக்கோ போய்க் கலசம் வைத்து, பம்பை அடித்து, பேர் சொல்லி அழைத்து வருவார்கள். புதுப்புடவை வைத்துப் படைப்பார்கள். அவள் வந்து ஆசி சொன்ன பிறகுதான் பந்தக்கால். அந்த வீட்டில் படையலின்போது புதுப்புடவைக்குப் பக்கத்தில் இந்த ரவிக்கையையும் எடுத்து வைப்பது வழக்கம். முடிந்ததும் மறுபடியும் பெட்டிக்குள் போய்விடும்.

பெண்ணுக்கு வேண்டியது மூன்று. ஒன்று, ஆயாவைவிட அவள் தோளும் கையும் பருமன். ரவிக்கையைப் பெரிதாக்க வேண்டும். இரண்டு, முதுகில் கழுத்தை இறக்கி வெட்ட வேண்டும். மூன்று, பஃப் கையைப் பிரித்து ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு இதைத்தான் போட்டுக்கொள்வேன் என்றாள். போட்டோவுக்காகச் சொல்லவில்லை. "எங்க ஆயாவ நான் பாத்ததே இல்ல, டெய்லர் அக்கா. ஒரு நாளாச்சும் அவங்க கூட இருக்கணும்னு தோணுது" என்றாள்.

அத்தை ரவிக்கையை என் மேசையில் வைக்கவே இல்லை. "சாமி துணிம்மா இது. இதுல போயி கத்திரி போடுவாங்களா? உடம்ப வேணா எளைச்சிக்கட்டும்" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். எனக்கு இருவர் பேச்சும் நியாயமாகப் பட்டது. இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

துணியைப் பற்றி நம் நாட்டில் பேசிய பெரியவர்கள் எல்லோரும் அதை உடம்போடு சேர்த்தே பேசியிருக்கிறார்கள். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் உயிர் பழைய உடம்பை விட்டுப் புதிய உடம்பை எடுப்பதற்குக் கந்தலைக் களைந்து புதுத்துணி உடுத்துவதைத்தான் கண்ணன் உவமை காட்டுகிறான். சாவு வீட்டில் எல்லோரும் சொல்லும் ஆறுதல் இது. ஆனால் தையற்காரிக்கு அந்த உவமையில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதாகத் தோன்றும். உயிர் புதுத்துணி உடுத்திப் போய்விட்டது, சரி. களைந்துபோட்ட துணி எங்கே போயிற்று? அதை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தவர் யார்? பின்னால் தங்கிவிடுகிறவர்களின் தொல்லை அது. போனவருக்கு அதில் எதுவும் இல்லை.

சமணர் பக்கம் போனால் விடை வேறு. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒருவர் மேலும் ஓர் இழை கிடையாது. அதே குன்றில்தான் சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டதைச் சொல்லும் பழைய கல்வெட்டு இருக்கிறது. சோற்றையும் உடம்பையும் விட்டவர்களின் இடம் அது. துணி பற்றின் கடைசிக் கண்ணி, அதையும் விட்டால்தான் விடுதலை என்பது திகம்பரர் வழி. அந்தப் பாறைக்கு முன்னால் நின்றால் ஆயாவின் ரவிக்கையைப் பற்றிய வழக்கே அடிபட்டுப் போகும். பெரிதாக்கினாலும் பற்றுதான், பெட்டியில் பூட்டினாலும் பற்றுதான். நான் அந்த வழியை மதிக்கிறேன். ஆனால் அது துறவிக்கான விடை. கல்யாணம் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடம் போய் அதைச் சொல்ல முடியாது.

பௌத்தர்கள் துணியை விடச் சொல்லவில்லை, வெட்டச் சொன்னார்கள். பிக்குவின் சீவரம் முழுத்துணியாக இருக்கக் கூடாது. துண்டு துண்டாக வெட்டி, மகத நாட்டு நெல்வயல்களைப் போல வரப்பும் பாத்தியுமாகத் தைக்க வேண்டும். அந்த அமைப்பை ஆனந்தர் தைத்துக் காட்ட, புத்தர் பாராட்டினார் என்று விநயபிடகம் சொல்கிறது. வெட்டிய துணிக்குச் சந்தையில் விலை இல்லை. திருடனும் தொட மாட்டான், உடுத்துகிறவனுக்கும் மயக்கம் வராது. அதே நூலில் ஆனந்தரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. கோசாம்பியில் உதயணனின் அரண்மனைப் பெண்கள் அவருக்கு 500 மேலாடைகளைக் கொடுத்துவிடுகிறார்கள். நம் பெருங்கதையின் நாயகனான அதே உதயணன்தான். இத்தனையை வைத்து இவர் என்ன கடை போடப்போகிறாரா என்று அரசனுக்குச் சந்தேகம், போய்க் கேட்கிறான். சீவரம் நைந்துபோன பிக்குகளுக்குக் கொடுப்பேன் என்கிறார் ஆனந்தர். அவர்களுடைய பழைய சீவரம் என்ன ஆகும்? படுக்கை விரிப்பு ஆகும். பழைய விரிப்பு? மெத்தை உறை. பழைய உறை? தரை விரிப்பு. அதுவும் பழசானால்? கால்மிதி. பழைய கால்மிதி? தூசி தட்டும் துணி. அதுவும் நைந்தால்? கிழித்துச் சேற்றோடு பிசைந்து தரை பூசுவோம். அரசன் மனம் நிறைந்து இன்னும் 500 கொடுத்தானாம்.

இந்தக் கதையை எப்போது படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒரு துணியை இறுதிவரை கூட வந்து வழியனுப்பியவர்கள் அவர்கள். மதிப்பு என்றால் மாற்றாமல் வைத்திருப்பது என்று அவர்கள் நினைக்கவில்லை. இன்னொரு பக்கம் யோவான் எழுதிய நற்செய்தியில் வருகிற காட்சி. இயேசுவின் உள்ளங்கி தையலே இல்லாமல் ஒரே நெசவாக இருக்கிறது. அதைக் கிழித்துப் பங்கு போட வேண்டாம் என்று வீரர்கள் சீட்டுப் போட்டு ஒருவன் எடுத்துக்கொள்கிறான். உடம்பில் ஆணி அடித்த அதே கைகள்தான் துணியைக் கிழிக்கத் தயங்கின. துணி முழுசாகத் தப்பிவிட்டது என்பதால் மட்டும் அங்கே மதிப்பு காட்டப்பட்டது என்று சொல்ல முடியுமா? துணியை வெட்டாமல் வைத்திருப்பது தன்னளவில் ஒரு புண்ணியம் இல்லை என்று எனக்குப் புரியவைத்த காட்சி அது.

ஆனாலும் அத்தை சொன்னது நெஞ்சை விட்டுப் போகவில்லை. சாமி துணி. அப்படியானால் எங்கள் ஊர்ச் சாமியின் துணி என்ன ஆகிறது என்று பார்த்தால் என்ன?

அங்காளம்மனுக்குப் புடவை குறைவே கிடையாது. அமாவாசைதோறும் நடு இரவை ஒட்டி ஊஞ்சல் உற்சவம். லட்சக்கணக்கில் சனம் வந்து கற்பூரத்தைக் கையில் ஏந்தி நிற்கும். ஒவ்வோர் அமாவாசைக்கும் ஓர் அலங்காரம். சாத்திய புடவை அவளிடம் தங்குவதில்லை. யாரோ ஒருத்தியின் வீட்டுக்குப் போகிறது. அம்மன் புடவை கிடைத்தவள் அதைக் கட்டிக்கொண்டுதான் காது குத்துக்கும் வளைகாப்புக்கும் போவாள். அதிலுள்ள ரவிக்கைத் துண்டைக் கிழித்து என்னிடம்தான் தைக்கக் கொடுப்பாள். இதுவரை ஒருத்தியும் அம்மன் துணியில் கத்திரி வைக்காதே என்று என்னிடம் சொன்னதில்லை. தெய்வத்தின் மேல் கிடந்த பட்டை, அவரவர் அளவுக்கு, அவரவர் கழுத்துக்கு வெட்டித் தைக்கிறேன். அது குற்றம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உடுத்தினால்தான் அது பிரசாதம்.

ஆயாவின் ரவிக்கை அப்படி இல்லை, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, போனால் வராது என்று சொல்லலாம். அங்கேதான் செஞ்சிக் கோட்டை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

கோட்டையும் ஒன்றே ஒன்றுதான். பிஜப்பூர்க்காரர்களிடமிருந்து 1677இல் சிவாஜி பிடித்தார். 1698இல் மொகலாயர் கைக்குப் போனது. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர். வந்தவர்கள் யாரும் அதை இருந்தபடியே விட்டுவைக்கவில்லை. மதிலைத் தடித்ததாக்கினார்கள், வாசலை மாற்றினார்கள், பீரங்கிக்கு இடம் செய்தார்கள். குடியிருந்தவரை அதை ஒவ்வொருவரும் தன் அளவுக்குத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். அதில் வாழ்வதை மனிதர்கள் நிறுத்திய பிறகுதான் ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாது என்ற சட்டம் வந்தது. 2025இல் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அது ஏறிவிட்டது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்து சேர்ந்தது இது ஒன்றுதான். அந்தக் கட்டுப்பாடு மிகச் சரி. இனி அந்தக் கோட்டையின் கல்யாண மகாலில் யாரும் குடியேறப்போவதில்லை. யாரும் வாழாத இடத்தைத் திருத்துவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

எங்கள் தேரின் கதை நேர் எதிர். மாசித் திருவிழாவில் ஏழாம் நாள் தேரோட்டம். மயானத்தில் ஆங்காரமாக நின்ற அம்மனைக் குளிரவைக்கத் தேவர்களே தேரின் உறுப்புகளாக வந்து பொருந்தினார்கள் என்பது தலபுராணம். அந்தத் தேரை ஆண்டுதோறும் பச்சை மரத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். போன வருடத் தேரின் மரம் இந்த வருடத் தேரில் இருக்காது. ஆனால் வடம் பிடிக்கிறவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், "இது வேற தேரு" என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். பாட்டன் இழுத்த அதே தேரைத்தான் இழுக்கிறோம் என்பார்கள். அவர்கள் சொல்வதை நான் முழுசாக நம்புகிறேன். மரம் மாறினாலும் அவள் ஏறி உட்காருகிறாள், நாம் இழுக்கிறோம். அது நடக்கிற வரைக்கும் அதே தேர்தான்.

இந்த ரவிக்கை கோட்டையா, தேரா? இதைத்தான் நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. போட்டுக்கொள்ள ஓர் உடம்பு வந்து நிற்கிறது. அதுவும் அந்த வம்சத்தின் உடம்பு. அதனால் தேர் என்று நினைத்தேன். ஆனால் தேர் என்று சொல்லிவிட்டால் எல்லாக் கத்திரிக்கும் அனுமதி கொடுத்ததாகிவிடுமா? கழுத்தை இறக்கலாமா, கையை மாற்றலாமா? யோசனையாகவே இருந்தது. ரவிக்கையைப் பார்க்காமல் இதற்குமேல் யோசிப்பதில் பயன் இல்லை என்று, அவர்கள் மறுபடி வந்தபோது அத்தையிடம் கேட்டு வாங்கி, வெறும் கையால் உள்பக்கம் திருப்பினேன்.

அங்கேதான் எனக்குப் பதில் கிடைத்தது. பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரற்கடைத் துணி மடித்துவிடப்பட்டிருந்தது. தோளிலும் உண்டு. கையின் அடித்தையலிலும் உண்டு. வெயிலும் வேர்வையும் படாத அந்த உள்துணி மட்டும் இன்னும் கருஞ்சிவப்பாகப் பளபளத்தது. வெளிப்பக்கம் வெளுத்துப்போய்விட்ட அரக்கு நிறத்தின் உண்மையான நிறம் அதுதான். கையால் போட்ட ஓரத் தையல், எறும்பு ஊர்ந்ததுபோல நெருக்கமாக.

இப்போது கடைகளில் ரெடிமேடாக வாங்குகிற ஜாக்கெட்டை உள்ளே திருப்பிப் பாருங்கள். அரை இஞ்ச் இருக்கும், ஓவர்லாக் அடித்து மிச்சத்தை வெட்டித் தள்ளியிருப்பார்கள். ஒருசுற்று பெருத்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்தக் காலத்துத் தையற்காரர்கள் அப்படி வெட்ட மாட்டார்கள். கல்யாணப் பெண் பெருப்பாள், பிள்ளை பெறுவாள், தங்கைக்குக் கொடுப்பாள், மகளுக்குக் கொடுப்பாள் என்று கணக்குப் போட்டு உள்ளே விட்டுத் தைப்பார்கள். பட்டு விலை உயர்ந்தது என்ற சிக்கனமும் அதில் உண்டு. சிக்கனம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. யார் என்றே தெரியாத, இன்னும் பிறக்காத ஓர் உடம்புக்கு ஒரு மனிதர் இடம் விட்டுவைத்திருக்கிறார். அந்த ரவிக்கையைத் தைத்தவர் யார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பேத்தியின் கேள்விக்கு அவர் அறுபதுகளிலேயே பதில் எழுதி மடித்து உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அத்தையைக் கூப்பிட்டு உள்துணியைக் காட்டினேன். "அக்கா, இத பாருங்க. வெட்ட வேணாம். பிரிச்சி விட்டாப் போதும். இதுக்குன்னே விட்டு வச்சிருக்காங்க" என்றேன். அவர் அந்தச் சிவப்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய அம்மா கல்யாணத்தன்று என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார் என்பதை அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகப் பார்த்தார்.

"ஒரு தடவ கேட்டுக்கலாம்" என்றார். அவர் என்னைக் கேட்கவில்லை, அம்மாவைக் கேட்க வேண்டும் என்றார். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, விளக்குக்கு முன்னால் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் வழக்கம். அவர்கள் வீட்டில் அப்படிக் கேட்டார்கள். வெள்ளை வந்தது. சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஊசியைத் தொடாமல் திருப்பிக் கொடுத்திருப்பேன். இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு இது மூடநம்பிக்கையாகத் தோன்றும் என்று எனக்குத் தெரியும். பொட்டலத்தில் எந்தப் பூ இருந்தது என்பதற்கு நான் வாதாட வரவில்லை. கேட்டார்களே, அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். ஒரு பொருள் நம் கையில் இருந்தாலும் அது நம்முடையது மட்டும் இல்லை என்று ஒத்துக்கொண்டால்தான் யாரும் கேட்பார்கள். கேட்காமல் வெட்டுகிற கைக்கும் கேட்டுவிட்டுப் பிரிக்கிற கைக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் என் கணக்கில் பக்தி.

கழுத்தை இறக்குவதற்கும் கையை மாற்றுவதற்கும் நான் மறுத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு வருத்தம்தான். அவள் கேட்டது ஒன்றும் தவறான ஆசை இல்லை. அவளுடைய ஆயாவின் பஃப் கையும் அன்றைய நாகரிகம்தானே. சினிமாவில் பார்த்துத் தைக்கச் சொன்னதாகவே இருக்கும். அன்றைய ஆசைக்கு ஒரு நியாயம், இன்றைய ஆசைக்கு ஒரு நியாயமா என்று அவள் கேட்டிருந்தால் எனக்குச் சட்டென்று பதில் வந்திருக்காது. நன்றாக யோசித்த பிறகு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. உள்ளே விட்ட துணியை எடுத்து விட்டால், நாளைக்கு ஒல்லியான ஒருத்தி வந்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளலாம். கழுத்தை வெட்டிய துண்டு எங்கேயும் திரும்பிப் போகாது. முதல் காரியத்தில் ஆயாவும் பேத்தியும் பேத்திக்குப் பின்னால் வரப்போகிறவளும் சேர்ந்து நிற்கிறார்கள். இரண்டாவதில் பேத்தி மட்டும்தான். போட்டுக்கொள்ளவே முடியாது என்ற நிலை வேறு, போட்டுக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்ற நிலை வேறு. ஆயாவின் துணியைத் திறக்க முதலாவது போதும், இரண்டாவது போதாது. மற்ற தையற்காரர்கள் மாறுபடலாம். என் மேசையில் இதுதான் முறை.

முழுக்கத் திரும்பப் பெறக்கூடிய வேலை என்று எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டு எதையும் மறக்காது. பழைய தையலைப் பிரித்த இடத்தில் ஊசித் துளை வரிசையாக நிற்கும். நூலை எடுத்த கோட்டில் நிறமும் இரண்டாகத் தெரியும். பெண்ணிடம் முன்கூட்டியே சொன்னேன். இரண்டு பக்கமும் விலாவில் ஒரு கருஞ்சிவப்புப் பட்டை தெரியும், மறைக்க முடியாது, சாயம் போட்டால் துணி தாங்காது. "தெரியட்டும் டெய்லர் அக்கா" என்றாள்.

வேலை மெதுவாகத்தான் போயிற்று. மெஷினில் வைக்கவில்லை. பழைய பட்டில் மெஷின் ஊசி விழுந்தால் துளையிலிருந்து துளைக்குக் கிழிந்துகொண்டே போகும். பிளேடும் வைக்கவில்லை; நூலை ஒவ்வொன்றாக ஊசிமுனையால் தூக்கி, சின்னக் கத்திரியால் நூலை மட்டும் நறுக்கினேன். ரவிக்கையில் பட்ட கத்திரி அவ்வளவுதான். பக்கங்களையும் தோளையும் விட்டதில் உடம்பு பொருந்திவிட்டது. கை மட்டும் போதவில்லை. கையைத் தூக்கினால் கக்கத்தில் இழுத்தது, இழுத்தால் கிழியும். கக்கத்தில் நாலுமூலைத் துண்டு வைத்துத்தான் தீர வேண்டும் என்று வந்தது. பழைய நிறத்துக்கு ஒத்துப்போகிற பட்டுத் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்தேன். உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் கொடுத்தேன். இழுப்பைப் பட்டு வாங்காமல் லைனிங் வாங்கிக்கொள்ளும். புதுக் கொக்கிகள் வைத்தேன். துருப்பிடித்த பழைய கொக்கிகளை எடுத்துக் காகிதத்தில் மடித்து அத்தையிடம் கொடுத்தேன். தூக்கிப் போடுவதற்கு அவை என்னுடையவை இல்லை.

நான் வைத்த அந்தப் புதுத் துண்டுக்கும் உள்ளே ஒரு விரற்கடை விட்டிருக்கிறேன். எதற்கு என்று பெண் கேட்டாள். சொல்லவில்லை. அவளுக்கு ஒரு பேத்தி வந்தால் அந்தக் காலத்துத் தையற்காரர் பார்த்துக்கொள்வார்.

முகூர்த்தத்துக்கு நான் போயிருந்தேன். தாலி கட்டும்போது பெண் கையைத் தூக்கிக் கும்பிட்டாள், கக்கம் இழுக்கவில்லை. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் வந்து நின்று, "எங்கம்மா இவ்ளோ சின்னதா இருந்தாங்களாம்மா?" என்று கேட்டார். பேத்திக்குப் பொருந்த எவ்வளவு விட வேண்டியிருந்தது என்பதை வைத்து அவர் அம்மாவின் அளவைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். தோள் இவ்வளவு, கை இவ்வளவு என்று என் அளவு நோட்டில் இருந்ததைச் சொன்னேன். அம்மாவின் உடம்பைப் பற்றி அவருக்கு வந்து சேர்ந்த முதல் செய்தி அது. பெட்டியில் பூட்டியே இருந்திருந்தால் அது வந்திருக்காது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். அம்மாவின் கூறைப்புடவை, பாட்டியின் ரவிக்கை, தாத்தாவின் பட்டுச் சட்டை என்று ஏதாவது. பாலித்தீன் கவரில் கட்டி வைத்திருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு மடிப்பிலேயே வெட்டிவிடும், அதனால் ஆண்டுக்கு ஓரிருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். பாச்சை உருண்டை துணியைத் தொடக் கூடாது. யாருக்காவது பொருத்தித் தைக்க வேண்டுமென்றால், முதலில் அந்தத் துணியில் பங்கு உள்ள பெரியவர்களைக் கேளுங்கள். பிறகு உள்பக்கம் திருப்பி எவ்வளவு விட்டிருக்கிறது என்று பாருங்கள். டெய்லரிடம் கொடுக்கும்போது ஒரு வார்த்தை மறக்காமல் சொல்லுங்கள்: பிடித்தாலும் விட்டாலும் சரி, உள்ளே இருக்கிற துணியை வெட்டிப் போட்டுவிட வேண்டாம்.